எந்த அந்தோணியார்?

காதர்பேட்டையில் ஒரு டிசம்பர் மாலை. திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் இந்தப் பனியன் சந்தையில் வெளியூர் வியாபாரிகள் பண்டல் கட்டிக்கொண்டிருக்கும் நேரம். தெரிந்தவர் ஒருவரின் கடையில் நின்றிருந்தேன். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருவிழாக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். அரக்கு நிறத்தில் ரவுண்ட் நெக், 120 பீஸ். தேர்ப்பவனி அன்று ஊர் இளைஞர்கள் ஒன்றுபோலப் போட்டுக்கொள்ள முன்பணம் கொடுத்துச் சொல்லியிருந்த சரக்கு. கடைக்காரர் ஒன்றைப் பிரித்து விரித்துக் காட்டினார். நெஞ்சில் அச்சிட்டிருந்த படத்தில் மழித்த முகத்தோடு ஓர் இளந்துறவி. பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு, ஒரு கையில் குழந்தை இயேசு, மறு கையில் லீலி மலர். கீழே “புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று எழுத்து.

வந்தவர்களில் மூத்தவர் பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறிவிட்டது. “தம்பி, இவரு எங்க அந்தோணியாரு இல்லையே.”

“ஏனுங்க பெரியவரே, அந்தோணியார் படம்னுதானுங்க சொன்னீங்க? போன்ல அந்தோணியார்னு போட்டா இவருதானுங்க வந்தாரு.”

“இவரும் அந்தோணியாருதான். ஆனா இவரு கோடி அற்புதரு. எங்க ஊருல இருக்கிறது வனத்தாரு. தாடி வச்ச கெழவனாரு. கையில தடி, தடியில மணி, கால்மாட்டுல பன்னிக்குட்டி.”

“ரெண்டு பேருங்களா?” என்று கேட்டார் கடைக்காரர். கேலியாக இல்லை, உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

இரண்டு பேர்தான். இருவருக்கும் இடையில் ஏறக்குறைய 900 ஆண்டுகள். மூத்தவர் எகிப்து நாட்டவர், கி.பி. 251 முதல் 356 வரை வாழ்ந்தவர் என்பது மரபுக் கணக்கு. பெற்றோர் விட்டுச்சென்ற நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பாலைநிலத்தில் தனித்தவம் இருந்தார். அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் அவருடைய வாழ்க்கையை எழுதினார், கிறிஸ்தவத் துறவு மரபு அந்த நூலை ஊன்றி வளர்ந்தது. அவருடைய திருநாள் ஜனவரி 17. நம் ஊர்களில் வனத்து அந்தோணியார், பெரிய அந்தோணியார் என்றெல்லாம் அழைக்கப்படுபவர் இவரே.

இளையவரான கோடி அற்புதர் 1195-இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டோ. கோயிம்ப்ரா நகரில் அகுஸ்தினார் மடத்தில் இருந்தபோது, மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. அந்தக் காட்சி அவரை உலுக்கியது. 1220-இல் மடம் மாறிப் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவர் போய்ச் சேர்ந்த சிறிய ஆசிரமம் எகிப்திய அந்தோணியார் பெயரில் இருந்தது. அந்தப் பெயரையே தன் துறவுப் பெயராகவும் ஏற்றுக்கொண்டார். ஆகவே இந்தப் பெயர் ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற நம் வழக்கம் போல, இளையவர் மூத்தவரின் பெயரை அறிந்தே சுமந்தார். 1231 ஜூன் 13 அன்று இத்தாலியின் பதுவா (பதுவை) நகரருகே இறந்தார். ஓர் ஆண்டு முடிவதற்குள், 1232 மே 30-இல், புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் அடக்கம் செய்யப்பட்டது செவ்வாய்க்கிழமை. உவரியிலும் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டியிலும் செவ்வாய்தோறும் கூட்டம் திரளுவதற்கு வேர் அந்த நாளில் இருக்கிறது. (கொங்கு வாசகர்கள் புளியம்பட்டி என்றதும் புஞ்சைப் புளியம்பட்டியை நினைக்கக்கூடும். ஊர்ப் பெயர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.)

பன்றிக்குட்டியும் மணியும் எங்கிருந்து வந்தன? 1095 வாக்கில் பிரான்சில் எகிப்திய அந்தோணியார் பெயரில் ஒரு மருத்துவத் துறவுச் சபை தொடங்கியது. பூஞ்சை பிடித்த ரை தானியத்து ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கைகால் எரிந்து கருகும் கொடிய நோய் வந்தது, அதை “அந்தோணியார் நெருப்பு” என்றார்கள். அந்த நோயாளிகளை இந்தச் சபையினர் பேணினார்கள். நம் கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோயைத் தருவதும் அதே பேரினத்துப் பூஞ்சைதான். அந்தச் சபையார் வளர்த்த பன்றிகள் கழுத்தில் மணியோடு தெருவில் திரிய உரிமை பெற்றிருந்தன. அந்த மணியும் பன்றியும் புனிதரின் சிலைக்குள் புகுந்தன. பின்னர் அவர் கால்நடைகளுக்கெல்லாம் காவலரானார். தமிழகத்தில் ஜனவரி 17 மாட்டுப் பொங்கலை ஒட்டி வருகிறது. மாடுகளைக் கோயிலுக்கு ஓட்டிவந்து மந்திரிப்பதும், திண்டுக்கல் மாவட்டம் கொசவபட்டியில் அந்தோணியார் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டு நடப்பதும் அந்தப் பருவத்தில்தான். மூத்தவரின் காளையும் இளையவரின் லீலியும் ஒரே பெயருக்குக் கீழே இரண்டு தனி உலகங்கள்.

ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிவது தமிழருக்குப் புதிய வேலை அல்ல. ஔவையார் ஒருவரா பலரா, கபிலர் எத்தனை பேர் என்று தமிழறிஞர்கள் ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். சங்கப் புலவர் பெயர்களைத் தொகுத்தவர்கள் பெயருக்கு முன்னால் ஊரையும் தொழிலையும் சேர்த்துவைத்தார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற பெயரைத் திருப்பூர்க்காரர் எவரும் மறக்கக் கூடாது. அறுவை என்றால் துணி. மதுரைத் துணி வியாபாரி இளவேட்டனார் என்று விலாசத்தோடு அந்தப் பெயர் நமக்கு வந்துசேர்ந்திருக்கிறது.

இதே முறையில்தான் பதுவை அந்தோணியார், வனத்து அந்தோணியார் என்ற பெயர்கள் அமைந்தன. ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஊர்ப் பெயரை முன்னொட்டுவது இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. பண்ணாரி மாரியம்மன், சமயபுரம் மாரியம்மன் என்னும்போது அம்மன் ஒருத்தி, கோயில்கள் இரண்டு. உவரி அந்தோணியார், புளியம்பட்டி அந்தோணியார் என்பதும் அப்படித்தான். ஆள் ஒருவர், தலங்கள் வேறு. கச்சத்தீவில் இருப்பவரும் பதுவை நகரத்தவரே. அங்கே திருவிழா ஜூன் 13-இல் அல்ல, பிப்ரவரி - மார்ச்சில் வருகிறது. அதனால் திருவிழா நாளை மட்டும் வைத்து ஆளை முடிவுசெய்ய முடியாது. வனத்து அந்தோணியார் என்னும்போதோ ஆளே வேறு. “வனத்து” என்ற ஒரு சொல் 900 ஆண்டுகளையும் ஒரு கடலையும் தாண்டி இன்னொரு மனிதரைக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை அந்தப் பெரியவர் எந்த நூலையும் படித்து அறியவில்லை. சிலையைப் பார்த்து வளர்ந்தவர், அவ்வளவே.

ஐரோப்பாவில் இதே வேலையை கையெழுத்துச் சுவடிகளை வைத்துச் செய்தார்கள். யோவான் போலந்து என்ற சேசு சபைக் குருவும் அவர் தோழர்களும் புனிதர்களின் வரலாற்றை நாள்வாரியாகச் சோதித்துத் தொகுக்கத் தொடங்கினார்கள். ஜனவரி மாதத்துக்கான முதல் இரு தொகுதிகள் 1643-இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளிவந்தன. ஒரே பெயர்க்காரர்களின் கதைகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருப்பதைப் பிரித்தெடுப்பது அவர்களுடைய பெரும்பாடுகளில் ஒன்று.

அப்படிப் பிரிக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மதலேனம்மாளைவிடக் கொடுமையான சான்று இல்லை. நற்செய்தி நூல்களில் மரியா என்ற பெயருடைய பெண்கள் பலர். 591-ஆம் ஆண்டு மறையுரை ஒன்றில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், மகதலா ஊர் மரியாவையும் (இவரே மதலேனம்மாள்), பெத்தானியா ஊர் மரியாவையும், பெயரே சொல்லப்படாத பாவியான பெண்ணையும் ஒருத்தி என்று சேர்த்துப் பேசினார். இயேசு உயிர்த்ததை முதலில் அறிவித்த பெண் அன்றுமுதல் மேலைத் திருச்சபையில் திருந்திய விலைமகளாகவே ஓவியங்களிலும் கதைகளிலும் நின்றார். 1969-இல் திருத்தப்பட்ட திருவழிபாட்டு நாட்காட்டிதான் அந்தக் கலவையைக் கைவிட்டது. 1,378 ஆண்டுகள்! பெயர்க் குழப்பம் சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கையாண்ட இன்னொரு வழி மொழிபெயர்ப்பு. இதில்தான் நம் முன்னோரின் திறமை முழுமையாகத் தெரிகிறது. பவுலுஸ் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். அதைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் என்ற பொருள் இருக்கிறது, அவர் அருளப்பர் ஆனார். லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோவும் ஒரு யோவான்தான். தமிழகம் வந்தவர் அருளானந்தர் என்று பெயர் பூண்டார், 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு மாண்டார். திருத்தூதர் அருளப்பர், ஓரியூர் அருளானந்தர். வேர் ஒன்று, உருவம் இரண்டு, குழப்பம் இல்லை. இயற்பெயரில் யோசேப்பு என்பதையும் கொண்டிருந்த பெஸ்கி, தமிழில் வீரமாமுனிவர் ஆகி, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். அதன் தலைவன் வளன், அதாவது சூசையப்பர் என்னும் யோசேப்பு. தன் பெயருக்குரிய புனிதருக்கே காப்பியம் எழுதியிருக்கிறார் என்பதைத் தமிழ்ப் பெயர்கள் மறைத்து நிற்கின்றன.

தேவசகாயமும் அப்படியே. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது வைத்த பெயர் லாசரு. கடவுள் உதவினார் என்பது அதன் பொருள், அதுதான் தேவசகாயம். 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். பெத்தானியா லாசருவும் நம் தேவசகாயமும் பெயரொத்தவர்கள் என்று சொன்னால் கிறிஸ்தவர்களிலேயே பலர் வியப்பார்கள்.

பொங்கல் நாட்களைக் கவனியுங்கள். ஜனவரி 14 தேவசகாயம். 16 இலங்கையின் யோசேப் வாஸ் கண்டியில் இறந்த நாள். 17 வனத்து அந்தோணியார். நடுவே 15 வனத்துச் சின்னப்பர். இந்த வனத்துச் சின்னப்பர் திருத்தூதர் சின்னப்பர் அல்லர், எகிப்துப் பாலையின் முதல் தனித்துறவி என்று மரபு போற்றும் இன்னொரு பவுல். எரோணிமுஸ் எழுதிய வரலாற்றின்படி, தொண்ணூறு வயது அந்தோணியார் நூற்றுப் பதின்மூன்று வயதான இவரைத் தேடிப் போகிறார். நாள்தோறும் அரை ரொட்டி கொண்டுவரும் காகம் அன்று முழு ரொட்டி கொண்டுவருகிறது. பவுல் இறந்தபின் இரண்டு சிங்கங்கள் குழி தோண்டுகின்றன. பவுல் பனையோலையால் பின்னி உடுத்தியிருந்த ஆடையை அந்தோணியார் எடுத்துவந்து பெருவிழா நாட்களில் தாம் அணிந்துகொள்கிறார். ஓலை முடைந்து பிழைத்த தென்மாவட்டத்து மக்களின் வாயில் இந்தக் கதை எப்படி இனித்திருக்கும்! 1969 நாட்காட்டியில் பவுலின் நாள் பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. நம் கிராமங்கள் எடுக்கவில்லை.

திருப்பூருக்கு நெருக்கமான பெயர் ஒன்று இருக்கிறது. அசிசி நகரத்துப் பியத்ரோ தி பெர்னார்தோனே ஒரு துணி வியாபாரி. அவர் வெளியூரில் இருந்தபோது பிறந்த மகனுக்குத் தாய் ஜொவான்னி, அதாவது யோவான், என்று திருமுழுக்குப் பெயர் வைத்தார். திரும்பிவந்த தந்தை மகனை பிரான்செஸ்கோ என்று அழைத்தார். பிரெஞ்சுக்காரன் என்று பொருள். சரக்கெடுக்கப் பிரான்சுக்குப் போய்வந்த பாசம் அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது என்பார்கள். அந்த மகன்தான் தந்தையின் கடைத் துணியை விற்றுப் பாழடைந்த கோயிலைப் பழுதுபார்க்கப் பணம் கொண்டுபோனான், கடைசியில் உடுத்திய துணியையும் ஆயர் முன்னால் கழற்றித் தந்தையிடம் கொடுத்தான். 1226-இல் இறந்த அந்த பிரான்சிஸின் பெயரைச் சவேரியாரும், பிரான்சிஸ் சலேசியாரும், 2013-இல் பொறுப்பேற்ற திருத்தந்தையும் தாங்கினார்கள். துணி வணிகத்தின் ஊர்ப்பயணத்தில் பிறந்த பெயர் இது. தமிழர் இந்த பிரான்சிஸ்களையும் எளிதாகப் பிரித்தார்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவரிடமிருந்து பிரான்சிஸை விட்டுவிட்டு, அவர் பிறந்த கோட்டையின் பெயரை மட்டும் எடுத்துச் சவேரியார் என்றார்கள். கோட்டாற்றில் அவரை யாரும் வேறு எவரோடும் குழப்புவதில்லை.

கத்தரீனம்மாள் இருவரும் நம் தொழிலைத் தொட்டவர்களே. அலெக்சாந்திரியா கத்தரீனின் சிலையில் உடைந்த சக்கரம் இருக்கும். அவரைக் கொல்லக் கொண்டுவந்த சக்கரம் அது, அதனால் ராட்டையில் நூற்கிறவர்கள் அவரைக் காவலராகக் கொண்டார்கள். சியென்னா கத்தரீன் 1347-இல் பிறந்தவர், ஒரு சாயக்காரரின் மகள். வெள்ளை அங்கி, கறுப்புப் போர்வை, முள்முடி. ஸ்பின்னிங் மில்லும் சாயப்பட்டறையும் ஒரே பெயரில் நிற்பது போல.

மொழி கைவிடும் இடமும் உண்டு. லிசியே நகரத்துத் தெரேசாவின் பெயரை ஏற்க விரும்பிய அல்பேனியப் பெண்ணுக்கு முன்னே, அவர் சேர்ந்த லொரேட்டோ சபையில் வேறொருவர் அதே பெயரை எடுத்திருந்தார். பிரெஞ்சு எழுத்துக்கூட்டை விட்டு ஸ்பானிய எழுத்துக்கூட்டை எடுத்துக்கொண்டார் அவர். பின்னாளில் கொல்கத்தாவின் அன்னை. தமிழில் எழுதினால் இரண்டும் தெரேசாதான், எழுத்து வேறுபாடு மறைந்துவிடும். ஆனால் மக்கள் அதையும் ஈடுசெய்தார்கள். ஒருவர் குழந்தை தெரேசா, சிறுமலர். இன்னொருவர் அன்னை தெரேசா. 1582-இல் இறந்த ஸ்பெயின் நாட்டவர் அவிலா தெரேசா.

1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்தது. அருளப்பர் யோவான் ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், சூசை யோசேப்பு ஆனார். இரு தரப்பாரும் ஒரே பெயரால் ஒரே நூலைப் படிக்க முடிகிறதே, அது பெரிய நன்மை, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பவுல் என்றே படித்து வளர்ந்த பிள்ளைக்கு வனத்துச் சின்னப்பரின் பெயரும் பவுலின் பெயரும் ஒன்று என்று சொல்லித்தர ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அவர் யாரோ ஊர்க்காவல் சாமி என்று நினைத்துவிடும். அதோடு செல்போன் தேடல் சேர்கிறது. அந்தோணியார் என்று தேடினால் புகழில் முந்தியவரின் படமே முதலில் வருகிறது. வனத்தார் பின்னால் தள்ளப்படுகிறார். அந்தப் படம் பனியன் அச்சடிக்கும் ஸ்கிரீனில் ஏறுகிறது, ஸ்கிரீனிலிருந்து 120 நெஞ்சுகளில் ஏறுகிறது. இரண்டு தலைமுறை போனால் சிலையும் அதற்கேற்ப மாற்றப்படும். என் கவலை அதுதான்.

அன்று கடைக்காரர் நல்ல மனிதர். புதிதாகப் பிலிம் எடுத்து, வனத்தார் படத்தோடு வேறு 120 பீஸ் நான்கு நாளில் அனுப்பிவைத்தார். படத்தைப் பெரியவரே தம் ஊர்ச் சிலையிலிருந்து எடுத்துவரச் செய்து அனுப்பியிருந்தார். முதலில் அச்சிட்ட பனியன்கள் ஜூன் மாதத் திருவிழா ஒன்றுக்கு விற்றுப்போயின.

காதர்பேட்டைக்குத் திருவிழாப் பனியன் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டர் சீட்டில் அந்தோணியார் என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பாட்டி சொல்லுகிற முழுப்பெயரை எழுதுங்கள், திருவிழாத் தேதியை எழுதுங்கள், உங்கள் ஊர்ச் சிலையை நீங்களே படம் எடுத்துக் கொடுங்கள்.